மெசி 135 டிரக்டர்: திறப்பை (சாவியை) திருப்பினால் 'டக்' மட்டும், சார்ஜும் ஏறுதில்ல

#1 படுவான்கரை_மெசி

மெசி பேர்கசன் 135, மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின். டைனமோவும் கட்டவுட் பெட்டியும் (சார்ஜக் கட்டுப்படுத்திறது) பழையதுதான், அல்டனேட்டர் போடேல்ல. மைனஸ் பொடிக்கு (மெசின் உடம்புக்கு).

1. காலையில திறப்பைத் திருப்பினா 'டக்' எண்டு ஒரு சத்தம், சுத்தாது. நாலஞ்சு தரம் திருப்பினா சிலவேளை சுத்தும். சுத்தினா உடனே பத்தும்.
2. ஓடும்போது அம்பியர் மீற்றர் முள்ளு நடுவிலேயே நிக்கிது. ஹெட்லைட் போட்டா மைனஸ் பக்கம் சாயுது.
3. பெற்றரி என்70, புதுசு. வெளியில சார்ஜ் பண்ணிப் போட்டா கொஞ்ச நாள் நல்லம், மறுகா பழைய கதை.

கராஜில ஸ்டார்ட்டரையே மாத்தச் சொல்றாங்க. பெரும்போக உழவு தொடங்கப் போகுது. மாத்த முதல் நாமளே என்னென்ன பார்க்கலாம்? சாதாரண மல்டிமீற்றர் ஒண்டு இருக்கு.

#2 வயரிங்_நானா (சம்மாந்துறை)

தம்பி, இது ஒரு வருத்தம் இல்ல, ரெண்டு. சார்ஜ் ஏறாதது வேற, சுத்தாதது வேற. ரெண்டையும் கலந்து பார்த்தா ஸ்டார்ட்டர், பெற்றரி, டைனமோ மூண்டுக்கும் காசு போகும். முதல்ல சுத்துற பக்கத்த முடிப்பம்.

பெற்றரிய வெளியில முழுசா சார்ஜ் பண்ணிப் போட்டு ஒரு இரவு விடுங்க. காலையில ஹெட்லைட்ட ரெண்டு நிமிசம் எரியவிட்டு அணைச்சு, கொஞ்சம் பொறுத்து அளங்க. 12.6 எண்டா நிறைவு. 12.4 முக்கால், 12.2 அரைவாசி. 12 வோல்ட்டுக்குக் கீழ எண்டா இனிச் சொல்லப்போற எந்த அளவும் சரியா வராது, முதல்ல சார்ஜ். மூடி கழருற பெற்றரி எண்டா ஹைட்ரோமீற்றரும் (அமில அடர்த்தி அளக்கிறது) போட்டுப் பாருங்க. ஒரு அறை மட்டும் மற்றதுகளவிட 0.050 குறைஞ்சு நிண்டா அந்த அறை செத்துப்போச்சு, புதுப் பெற்றரி எண்டாலும் சரி.

அடுத்தது சுத்தும்போது அளக்கிறது. ஸ்டொப் கேபிளை இழுத்து விடுங்க, எஞ்சின் பத்தக் கூடாது. ஒரு ஆள் திறப்பைத் திருப்ப, நீங்க மீற்றரப் பிடிக்கணும். ஒரு தரத்துக்கு அஞ்சாறு செக்கனுக்கு மேல வேணாம், இடையில ஒரு நிமிசம் ஆறவிடுங்க.

அ) பெற்றரியின்ட ஈயக் குமிழுக்குக் குமிழ். கிளிப்பில வைக்காதீங்க, குமிழிலயே முனைய ஊண்டுங்க. சுத்தும்போது 9.6க்குக் குறையக் கூடாது.
ஆ) பிளஸ் குமிழிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டருக்குள்ள போற பெரிய நட்டுக்கு. 0.5 வோல்ட்டுக்குள்ள இருக்கணும்.
இ) மைனஸ் குமிழிலிருந்து ஸ்டார்ட்டரின்ட உடம்புக்கு. பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில வைங்க. 0.3க்குள்ள.
ஈ) சொலனொயிட்டின்ட (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடுற பெரிய சுவிச்சு) ரெண்டு பெரிய நட்டுக்கும் இடையில. திருப்ப முதல் 12 காட்டும், 'டக்' எண்டதும் 0.3க்குக் கீழ விழணும். 'டக்' கேட்டும் 12 அப்படியே நிண்டா உள்ளுக்க செப்புத் தட்டு எரிஞ்சு போச்சு.
உ) சொலனொயிட்டின்ட சின்ன வயர் முனைக்கும் பொடிக்கும். திருப்பும்போது 9க்குக் கீழ எண்டா திறப்புச் சுவிச்சு அல்லது நியூட்ரல் சுவிச்சு.

அஞ்சு எண்ணையும் எழுதிப் போடுங்க. ஸ்டார்ட்டரப் பற்றிப் பிறகு பேசுவம்.

#3 டீசல்பாஸ் (செங்கலடி)

நானா சொன்னதோடு ஒன்று. திருப்பும்போது ஹெட்லைட்டையும் போட்டு வைத்துப் பாருங்கள். 'டக்' என்றதும் லைட் முழுதாகச் செத்தால் பெற்றரி, கிளிப், கேபிள் பக்கம். லைட் அசையாமல் நின்றால் கரண்ட் மோட்டருக்குள் போகவே இல்லை: சொலனொயிட் தட்டு அல்லது காபன் பிரஸ் (மோட்டரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கட்டை). 'டக டக டக' என்று அடித்தால் பெற்றரி இறங்கியிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் ஹை-லோ லீவரை (கூடிய வேகம், குறைந்த வேகம் தெரிவு செய்வது) பாருங்கள். 135இல் அது நியூட்ரலில் இல்லாவிட்டால் ஸ்டார்ட் வயருக்குக் கரண்ட் வராது. லீவர் கட்டையின் குண்டும் குழியும் தேய்ந்தவற்றில் நியூட்ரலில் நின்றும் சுவிச்சின் குமிழ் அமுங்காது.

அந்தச் சுவிச்சை வெட்டி நேராக முறுக்கிவிட்ட மெசின்கள் நம் பக்கம் எக்கச்சக்கம். தயவுசெய்து திரும்பவும் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்குரூட்ரைவரால் சொலனொயிட்டைக் குறுக்கே தொட்டு ஸ்டார்ட் செய்கிறவர் பெரிய சில்லுக்கு முன்னால் நிற்கிறார். கியரில் கிடந்தால் இந்த எஞ்சின் கால் சுற்றிலேயே பத்திக்கொண்டு ஏறிவிடும்.

#4 படுவான்கரை_மெசி

அளந்தாச்சு. ஓய்வில 12.5.

அ) 11.4
ஆ) 0.4
இ) 4.1
ஈ) 0.2
உ) 10.8

'டக்' எண்டு நிண்ட நேரத்தில எடுத்தது. லைட் கொஞ்சம்தான் மங்கிச்சு, சாகல்ல.

#5 வயரிங்_நானா

இ) தான் விடை. பெற்றரி 11.4 குடுக்குது. பிளஸ் பக்கம் 0.4 போகுது, அந்த 0.2வும் அதுக்குள்ளயே அடக்கம். மைனஸ் பக்கம் 4.1 போகுது. மிச்சம் 6.9 வோல்ட்தான் மோட்டருக்கு. அதில மூண்டு சிலிண்டர் டீசல சுத்த ஏலாது. பெற்றரி 11.4இல நிக்கிறதே இன்னொரு சாட்சி: கரண்ட் பெரிசா ஓடியிருந்தா அது பத்துக்குக் கிட்ட இறங்கியிருக்கும். வாய்க்கால் நிறையத் தண்ணி இருந்தும் மதகு அடைபட்டிருக்கிற கணக்கு.

135இல பெற்றரி ரேடியேட்டருக்கு முன்னால. எர்த் பட்டி (மைனஸ் குமிழைப் பொடியோட சேர்க்கிறது) பக்கத்திலயே முன் வார்ப்பில ஒரு போல்ட்டில முடியும். அங்கயிருந்து எஞ்சினுக்கு கரண்ட் போறது பெயின்ட் பூசின முகங்களாலயும் போல்ட்டுகளாலயும்தான். ரீபெயின்ட் பண்ணின மெசினில இது முதல் சந்தேகம். கடற்காத்துப் படுற இடமெண்டா பின்னல் பட்டிக்குள்ள பச்சைக் களிம்பு ஏறி, வெளியில முழுசாத் தெரிஞ்சாலும் உள்ளுக்க இழை பாதி இராது.

செய்ய வேண்டியது: பழைய பட்டி கிடக்கட்டும். மைனஸ் குமிழிலிருந்து நேரா ஸ்டார்ட்டரைப் பிடிக்கிற போல்ட் ஒண்டுக்குப் புதுக் கேபிள் இழுங்க. போல்ட்டுக்குக் கீழ, ஸ்டார்ட்டரின்ட காது, அது உக்காருற வார்ப்பு எல்லாத்தையும் வெள்ளை இரும்பு தெரியத் தேயுங்க. இறுக்கின பிறகுதான் கிறீஸ். முதல்ல கிறீஸப் பூசிட்டு இறுக்கிறது சரியில்ல.

#6 வெல்லாவெளி_வயல்

கேபிள் எத்தன இஞ்சி, எத்தன எம்எம் எண்டு கடையில கேக்கிறாங்க. 16 எம்எம் வெல்டிங் வயர் வீட்ட கிடக்கு, அது காணாதா?

#7 வயரிங்_நானா

16 காணாது. கணக்கு இதுதான். செப்புக் கேபிள் 16 சதுர மி.மீ. எண்டா மீற்றருக்கு ஏறத்தாழ 1.15 மில்லி ஓம். ஒண்டரை மீற்றர் நீளத்தில 300 அம்பியர் ஓடினா அரை வோல்ட் போயிடும். 25 எண்டா 0.33. 50 எண்டா 0.17. இது ஒரு பக்கத்துக்கு மட்டும், முடிச்சுகள் சேர்க்கேல்ல. 35க்குக் கீழ போடாதீங்க, 50 கிடைச்சா நல்லம். வெல்டிங் கேபிள் நல்ல சாமான், மெல்லிய இழை, நெளியும், அதிர்வுக்கு உடையாது. ஆனா செப்போ எண்டு பாருங்க. செப்புப் பூச்சுப் பூசின அலுமினியமும் இப்ப கடையில வருது. நுனியச் சுரண்டினா வெள்ளையாத் தெரியும்.

முனைக் காதை சுத்தியலால அடிச்சு நசுக்க வேணாம். அழுத்திப் பிடிக்கிற கருவி உள்ள கடையிலயே போட்டு எடுங்க.

#8 படுவான்கரை_மெசி

50 சதுர மி.மீ. போட்டாச்சு. மைனஸ் பக்கம் 4.1 இருந்தது இப்ப 0.15. சுத்தும்போது பெற்றரி 10.3. எஞ்சின் அரைச் சுத்துக்குள்ள பத்துது. ஸ்டார்ட்டர் தப்பிச்சு.

இப்ப சார்ஜ். அதோட இன்னொண்டும் கேக்கணும்: இந்த மெசின் சிலவேளை சுத்தாம 'கர்ர்ர்' எண்டு மட்டும் போகும். ஃபேனைக் கையால கொஞ்சம் அசைச்சிட்டுத் திருப்பினா சரியாப் பிடிக்கும்.

#9 டீசல்பாஸ்

'கர்ர்' கதை ரிங் கியர் (பிளைவீலைச் சுற்றியுள்ள பல் வளையம்). மூன்று சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது ஏதாவதொரு சிலிண்டரின் அமுக்கத்தில் மோதித்தான் நிற்கும். அதனால் பிளைவீல் ஒரே மூன்று இடங்களில், 120 பாகை இடைவெளியில் திரும்பத் திரும்ப நிற்கிறது. பினியன் (ஸ்டார்ட்டரின் சின்னப் பல்சக்கரம்) கடிப்பதும் அதே மூன்று இடத்தில். மற்றப் பற்கள் புதுசு மாதிரி இருக்க, அந்த மூன்று இடத்திலும் முனை மழுங்கிப் போகும். ஸ்டார்ட்டரைக் கழற்றி, ஓட்டைக்குள் டோர்ச் அடித்து, எஞ்சினை மெதுவாகச் சுற்ற வைத்துப் பாருங்கள்.

தேய்வு அவ்வளவில்லை என்றால் பினியனை மட்டும் மாற்றி ஒரு போகம் ஓட்டலாம். நன்றாகத் தேய்ந்திருந்தால் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பிரிக்க வேண்டும், வேறு வழி இல்லை. ஆகவே கிளச் தட்டு மாற்றுகிற நேரத்துக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள், ஒரே கூலி. புது ரிங் கிடைக்காவிட்டால் பழையதைச் சூடாக்கிக் கழற்றி, 60 பாகை தள்ளித் திரும்பப் போட்டால் நல்ல பற்கள் அந்த மூன்று இடத்துக்கும் வந்துவிடும். சூடு ரிங் முழுவதும் ஒரே மாதிரி ஏற வேண்டும். பற்கள் சிவக்கும்வரை காய்ச்சினால் உரம் போய்விடும்.

ஸ்டார்ட்டரைக் கழற்றும் சாட்டில் புஷ்ஷையும் (தண்டைத் தாங்கும் வெண்கல வளையம்) பாருங்கள். சேறு அடிக்கும் மெசினில் பெல் ஹவுசிங் பக்கத்துப் புஷ் சீக்கிரம் போகும். தண்டு ஆடினால் ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் சுருள்) காந்தக் கட்டையில் உரசும். வேலை செய்து சூடாக இருக்கும்போது மட்டும் சுற்றாமல் அடம்பிடிக்கும் ஸ்டார்ட்டர்கள் பெரும்பாலும் இந்த வகை. புதுப் புஷ்ஷை அடிக்குமுன் 24 மணித்தியாலம் எஞ்சின் ஓயிலில் ஊறவிடுங்கள். அந்த வெண்கலம் நுண்துளை உள்ளது, ஓயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். காபன் பிரஸ் 8 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றுங்கள். கொமியூட்டேட்டரை (பிரஸ் உரசும் செப்புப் பட்டி உருளை) சாண்ட் பேப்பரால் துடையுங்கள். ஆனால் ஸ்டார்ட்டர் கொமியூட்டேட்டரில் பட்டிகளுக்கு இடையே உள்ள மைக்காவை வெட்டித் தாழ்த்த வேண்டாம். அது டைனமோவுக்குத்தான், அதிலும் 0.8 மி.மீ. போதும். இரண்டுக்கும் ஒரே கைவேலை செய்து விடுகிறார்கள்.

#10 வயரிங்_நானா

சார்ஜுக்கு வருவம். லூக்காஸ் டைனமோவில ரெண்டு முனை: பெரிசு டி, சின்னது எஃப்.

முதல்ல பெல்ட். நடுவில பெருவிரலால அமத்தினா அரை இஞ்சி அளவு போகணும். பிறகு டைனமோவ தனிச்சுப் பார்க்கிற வேலை:

டி, எஃப் ரெண்டு வயரையும் டைனமோவில இருந்து கழட்டுங்க. ரெண்டு முனையையும் ஒரு துண்டு வயரால ஒண்டா இணைங்க. மீற்றரின்ட ஒரு முனை அதில, மற்றது டைனமோ உடம்பில. எஞ்சின ஸ்டார்ட் பண்ணி மெதுவா வேகத்தக் கூட்டுங்க. வோல்ட் தடங்கல் இல்லாம ஏறணும். 20ஐத் தொட்டதும் நிப்பாட்டுங்க, அதுக்கு மேல ஓடவிட்டா சுருள் வேகும்.

ஒண்டுமே காட்டாட்டி பிரஸ், இல்லாட்டி காந்தம் செத்திருக்கு. ஒரு வோல்ட்டுக்குள்ள நிண்டா பீல்ட் கொயில் (காந்தத்துக்கான சுருள்), எஃப் முனைக்கும் உடம்புக்கும் இடையில 6 ஓம் அளவு வரணும். நாலஞ்சு வோல்ட்டில நிண்டா ஆர்மேச்சர்.

காந்தம் செத்தது எண்டா எஃப் வயரக் கழட்டிட்டு, பெற்றரியின்ட பொடியில இல்லாத முனையிலிருந்து ஒரு வயரால டைனமோவின்ட எஃப் முனைய ரெண்டு மூண்டு தரம் தட்டித் தட்டி எடுங்க. கன காலம் கழட்டி வச்ச டைனமோவுக்கும், எர்த்தப் பிளஸிலிருந்து மைனஸுக்கு மாத்தினதுக்கும் இது கட்டாயம்.

#11 படுவான்கரை_மெசி

பெல்ட் சரி. டி, எஃப் இணைச்சு ஓடினா நல்லா ஏறுது, 18இல நிப்பாட்டினேன். வயரத் திரும்பப் போட்டு, கட்டவுட் பெட்டியில அளந்தா டி முனையில 20க்கு மேல போகுது! ஏ முனையில (பெற்றரிக்குப் போறது) 12.4தான். டைனமோ கை வைக்க ஏலாத சூடு.

#12 வயரிங்_நானா

உடனே நிப்பாட்டுங்க. சரிபண்ணும்வரை ஓட்ட வேண்டிய தேவை இருந்தா டைனமோவின்ட எஃப் வயரக் கழட்டி, நுனிக்கு டேப் சுத்தி விட்டுட்டு ஓட்டுங்க. இந்த எஞ்சினுக்கு ஓட கரண்ட் தேவையில்ல, பம்ப்பை நிப்பாட்டுறதும் கேபிள்தான்.

டி 20, ஏ 12 எண்டா ரெண்டு விசயம் ஒரே நேரத்தில நடக்குது: ரெகுலேட்டர் வோல்ட்டக் கட்டுப்படுத்தேல்ல, கட்டவுட் (டைனமோவ பெற்றரியோட சேர்க்கிற சுவிச்சு) மூடேல்ல. ரெண்டு கொயிலும் ஒண்டாச் சேர்ந்து செயலிழக்க ஒரே காரணம் பொதுவான முனை. அந்தப் பெட்டியில அது ஈ முனை, அதாவது எர்த். பெட்டியின்ட அடி கரண்ட் கடத்தாத பேக்கலைட், ஸ்குரூவால பொடியில பூட்டினாலும் எர்த் வராது. ஈ முனையிலிருந்து தனி வயர் போகணும். அந்த வயரப் பாருங்க.

சும்மா ஓம் மீற்றரால பார்த்து 'தொடர்பு இருக்கு' எண்டு விட்டுடாதீங்க, ஒரு இழை மிஞ்சினாலும் தொடர்பு காட்டும். எஞ்சின நிப்பாட்டிட்டு, பெற்றரி பிளஸிலிருந்து 21 வாட் பல்ப் ஒண்ட ஈ முனைக்குக் குடுங்க. பிரகாசமா எரியணும்.

#13 அக்கரைப்பற்று_ஓட்டோ

நானா, இத்தன பாட்டுக்கு அந்தப் பெட்டியையும் டைனமோவையும் தூக்கிப் போட்டுட்டு ஜப்பான் அல்டனேட்டர் ஒண்டு போட்டா முடிஞ்சுதே. 135இல வாற சி40ஏ டைனமோ 11 அம்பியர்தான் தரும். ஹெட்லைட் 45 வாட் ரெண்டு 7.5 அம்பியர். பின்னுக்கு 35 வாட் உழவு லைட் 2.9. பெற்றரிக்கு என்ன மிச்சம்? இரவில உழுதா காலையில தள்ளத்தான் வேணும்.

#14 வயரிங்_நானா

கணக்கு சரி, மறுக்கேல்ல. இரவு வேலை உள்ள மெசினுக்கு அல்டனேட்டர் நல்லம். பகலில மட்டும் ஓடுற மெசினுக்கு இப்ப இருக்கிறதே காணும், ஒரு எர்த் வயர் செலவோட முடியுது. மாத்திறதெண்டா சும்மா பூட்டிட்டுப் போற வேலையும் இல்ல:

மைனஸ் பொடிக்கு இருக்கணும். பிளஸ் எர்த்தில அல்டனேட்டரக் குடுத்தா டயோட் அந்த நொடியே போயிடும். எர்த் திருப்பினா ஸ்டார்ட்டர் பின்பக்கமாச் சுத்துமோ எண்டு பயப்பட வேணாம். பீல்ட்டும் ஆர்மேச்சரும் தொடர்ச்சியா உள்ள பழைய மோட்டர், எப்படிக் குடுத்தாலும் ஒரே பக்கம்தான். அம்பியர் மீற்றர் முள்ளு மட்டும் எதிர்ப்பக்கம் போகும், பின்னால ரெண்டு வயரையும் மாத்திப் பூட்டுங்க.

அல்டனேட்டரின்ட பி முனையிலிருந்து ஸ்டார்ட்டரின்ட பெற்றரி பக்க நட்டுக்கு 6 சதுர மி.மீ. வயராவது வேணும். பழைய டி வயர நம்பாதீங்க. எல் முனைக்குத் திறப்பிலிருந்து ஒரு எச்சரிக்கை பல்ப் ஊடா வரணும், 2.2 வாட். பல்ப் எரிஞ்சு போனா அல்டனேட்டர் எழும்பாது, ஆள் அல்டனேட்டரத்தான் குறை சொல்லுவான். மெசி பெல்ட் அகலம், கார் அல்டனேட்டர் புலி (பெல்ட் ஓடுற சக்கரம்) ஒடுக்கம். பெல்ட் பள்ளத்துக்குள்ள இறங்காம மேல நிண்டா வழுக்கும், புலிய மாத்தித்தான் ஆகணும். கடைசியா, இரும்புச் சில்லு, பெட்டிக் கொக்கி வெல்டிங் பண்ணும்போது பி, எல் வயர்களையும் பெற்றரி கிளிப்பையும் கழட்டிட்டு வெல்ட் பண்ணுங்க. டைனமோ இதெல்லாத்தையும் தாங்கும், அல்டனேட்டர் தாங்காது.

#15 வெல்லாவெளி_வயல்

இடையில ஒரு வழி இருக்கு. உழவு லைட்டையும் ஹெட்லைட்டையும் எல்ஈடியா மாத்தினா மூண்டுக்கும் சேர்த்து அஞ்சு அம்பியருக்குள்ள நிக்கும். டைனமோவில வோல்ட் ஏறி இறங்கும், அதால 10-30 வோல்ட் எண்டு போட்ட லைட்டா வாங்குங்க. 12 வோல்ட் மட்டும் போட்டது கெதியாப் போகும்.

#16 படுவான்கரை_மெசி

ஈ வயர் உறைக்குள்ள பச்சையாகிப் பொடியாக் கொட்டுது. இழுக்கக் கையோட வந்திச்சு. புது 2.5 வயர் போட்டு எஞ்சின் வார்ப்பில பூட்டினேன். இப்ப கொஞ்சம் வேகம் கூட்டினா கட்டவுட் 'டிக்' எண்டு மூடுது. பெற்றரியில 13.9, முள்ளு பிளஸ் பக்கம் 8 காட்டுது. ஆனா எஞ்சின நிப்பாட்டின பிறகு முள்ளு ஒரு செக்கன் மைனஸ் பக்கம் போய்த் திரும்புது. அது பிழையா?

#17 வயரிங்_நானா

இல்ல, கட்டவுட் திறக்கிற நேரம் அது. டைனமோ மெதுவாகி வோல்ட் இறங்கும்போது பெற்றரியிலிருந்து கொஞ்சம் பின்னோக்கி ஓடித்தான் கட்டவுட் விடும். முள்ளு திரும்பி நடுவுக்கு வரணும், அதுதான் முக்கியம். வராம மைனஸ் பக்கமே நிண்டா முனை ஒட்டிட்டுது. உடனே பெற்றரி கிளிப்பைக் கழட்டுங்க, இல்லாட்டி டைனமோ மோட்டரா இழுத்து எரியும். 20 வோல்ட் ஓடின பெட்டி எண்டதால முனைகள ஒருக்காத் திறந்து பாருங்க. கருப்பு இருந்தா மெல்லிய அரத்தால ஒரு இழுவை, பிறகு ஸ்பிரிட் சீலை. ஸ்பிரிங் வளைக்கிற ஸ்குரூக்களத் தொடாதீங்க. அத செட் பண்ணிறதெண்டா ஏ, ஏ1 வயர்களக் கழட்டி ஒண்டா இணைச்சு, டி முனையில 16 முதல் 16.5 வோல்ட்டுக்கு, சூடேற முதல் அரை நிமிசத்துக்குள்ள முடிக்கணும்.

#18 படுவான்கரை_மெசி

சரி நானா, முனை சுத்தமாத்தான் இருக்கு. கடைசியா ஒண்டு: காலையில பத்த முதல் திறப்ப 'ஹீட்' பக்கம் பிடிக்கச் சொல்றாங்க. பிடிச்சா முள்ளு நல்லா மைனஸ் போகுது.

#19 டீசல்பாஸ்

நம் வெயிலுக்கு அது தேவையில்லை. இன்டேக் மெனிபோல்ட்டில் உள்ள தெர்மோஸ்டார்ட் (டீசலை எரித்து உள்ளே போகும் காற்றைச் சூடாக்குவது) 12 அம்பியருக்கு மேல் குடிக்கும், குளிர் நாடுகளுக்கு வைத்தது. நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின் சரியான வேகத்தில் சுற்றினால் நம்மூர் மார்கழியிலும் அது இல்லாமல் பத்த வேண்டும். பத்தாமல் சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் இன்ஜெக்டர், கொம்பிரஷன் பக்கம் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை: ஸ்டொப் கேபிள் முழுதாகத் திரும்பியிருக்கிறதா, ஃபில்டரில் காற்றா என்று பாருங்கள்.

தெர்மோஸ்டார்ட்டுக்கு வரும் டீசல் குழாய் மட்டும் கவனம். உள்ளே உள்ள வால்வு தேய்ந்தால் நிற்கும்போதும் மெனிபோல்ட்டுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். காலையில் பத்தியதும் கொஞ்ச நேரம் கரும்புகை தள்ளினால் அதைச் சந்தேகியுங்கள். குழாயைக் கழற்றி இரு பக்கமும் அடைத்து, அதன் வயரையும் கழற்றி டேப் சுற்றிவிடலாம்.